கிறிஸ்துமஸ் படங்கள், பாட்டுகள், டிவி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நவம்பர் கடைசியில் இருந்தே நண்பர்கள், கூட வேலை பார்ப்பவர்கள், அக்கா பிள்ளைகள் என்று ஆளாளுக்கு ஒரே மாதிரி கேள்விகளைக் கேட்கிறார்கள். எந்தப் படம் பார்க்கலாம், அந்தப் பாட்டு ஏன் எல்லா மாலிலும் ஓடுகிறது, டை ஹார்ட் கிறிஸ்துமஸ் படமா இல்லையா. தனித்தனியாகப் பதில் அனுப்பிக் கை வலிக்கிறது, அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். இதில் தேவாலயம், ஆராதனை பற்றி எதுவும் கிடையாது. அதைச் சொல்லத் தகுதியான ஆட்கள் வேறு. இது முழுக்க படம், பாட்டு, டிவி சமாச்சாரம், பெரும்பாலும் அமெரிக்க, பிரிட்டிஷ் சரக்கு.

நான் கிறிஸ்தவர் இல்லை. இதையெல்லாம் ரசிப்பது கொஞ்சம் போலித்தனமாக இருக்காதா?

இருக்காது. இந்தப் பாட்டுகளை எழுதியவர்களிலேயே பலர் கிறிஸ்தவர்கள் இல்லை. 'ஒயிட் கிறிஸ்துமஸ்' எழுதிய இர்விங் பெர்லின் ரஷ்யப் பேரரசில் பிறந்து, சின்ன வயதில் குடும்பத்தோடு நியூயார்க் வந்து சேர்ந்த யூதர். சிவப்பு மூக்கு மான் ருடால்ஃபின் பாட்டை எழுதிய ஜானி மார்க்ஸும் யூதர்தான், 'ராக்கிங் அரவுண்ட் தி கிறிஸ்துமஸ் ட்ரீ'யும் அவர் எழுதியதே. அந்த ருடால்ஃபே வேதாகமத்தில் இருந்தோ நாட்டுப்புறக் கதையில் இருந்தோ வந்த மான் கிடையாது. 1939இல் மான்ட்கோமரி வார்ட் என்ற கடைக்காரர்கள் தங்கள் கடைக்கு வரும் குழந்தைகளுக்கு இலவசமாகக் கொடுக்க ஒரு கதைப் புத்தகம் வேண்டும் என்று நினைத்தார்கள், விளம்பரப் பிரிவில் வேலை பார்த்த ராபர்ட் மே என்பவர் எழுதிக் கொடுத்தார். பத்து வருடம் கழித்து அது பாட்டானது, 1964இல் பொம்மைப் படமானது.

ஆக, நீங்கள் உள்ளே வரலாமா என்று கேட்கும் வீட்டைக் கட்டியவர்களே வெளியில் இருந்து வந்தவர்கள்தான். கூச்சப்படாமல் வாருங்கள்.

பனியே பார்த்ததில்லை. சென்னையில் மழைக்கும் கொசுவுக்கும் நடுவில் உட்கார்ந்து இதைப் பார்த்தால் ஒட்டுமா?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது. அந்தப் பனி முக்கால்வாசி பொய்.

'ஒயிட் கிறிஸ்துமஸ்' பாட்டுக்கு முதலில் ஒரு தொடக்கப் பகுதி உண்டு, இப்போது யாரும் அதைப் பாடுவதில்லை. அதில் பாடுகிறவர் லாஸ் ஏஞ்சல்ஸில் பெவர்லி ஹில்ஸில் இருக்கிறார், வெயில் அடிக்கிறது, புல் பச்சைப் பசேல் என்று இருக்கிறது, ஆரஞ்சு மரமும் பனை மரமும் ஆடுகின்றன, ஆனால் தேதி டிசம்பர் 24. அதனால்தான் வடக்கே இருக்கும் பனிக்கு ஏங்குகிறார். அந்தப் பகுதியை வெட்டிவிட்டதால் பனிக்குள் உட்கார்ந்து பாடும் பாட்டு மாதிரி நமக்குத் தோன்றுகிறது. 'லெட் இட் ஸ்னோ' 1945 ஜூலையில் ஹாலிவுட் வெயிலில் எழுதப்பட்டது. அடுப்பில் கொட்டைகள் வறுபடுவதைப் பற்றிய நாட் கிங் கோலின் புகழ்பெற்ற 'தி கிறிஸ்துமஸ் சாங்' இருக்கிறதே, அதுவும் அதே 1945 கோடையில், உடம்பைக் கொஞ்சம் குளிர்வித்துக்கொள்ளலாம் என்ற நினைப்பில் எழுதப்பட்டதுதான். 'லாஸ்ட் கிறிஸ்துமஸ்' பாட்டை ஜார்ஜ் மைக்கேல் லண்டனில் ஆகஸ்ட் மாதம் பதிவு செய்தார், அந்த மூடு வருவதற்காக ஸ்டூடியோவில் தோரணமெல்லாம் கட்டி வைத்திருந்தார்கள்.

சினிமாவிலும் இதே கதைதான். 1946இல் வந்த 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்' படத்தின் பனிக் காட்சிகள் கலிஃபோர்னியா கோடையில் எடுக்கப்பட்டவை. அதுவரை ஹாலிவுட்டில் வெள்ளை அடித்த கார்ன்ஃபிளேக்ஸைக் கொட்டிப் பனி என்று காட்டுவார்கள், மிதித்தால் நொறுக் நொறுக்கென்று சத்தம் வரும், வசனத்தைப் பிறகு டப்பிங் செய்ய வேண்டும். இந்தப் படத்துக்காகத் தீயணைக்கும் நுரை, சோப்பு, தண்ணீர் எல்லாம் கலந்து சத்தமில்லாத பனியைத் தயாரித்தார்கள், அதற்குத் தொழில்நுட்பத்துக்கான ஆஸ்கார் விருதும் கிடைத்தது. பாலத்தில் நிற்கும் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டின் முகத்தைப் பார்த்தால் வேர்த்திருக்கும். குளிரில் ஏன் வேர்க்கிறது என்று யோசிக்காமல் பார்த்துவிடுகிறோம்.

பனி இல்லாத ஊரில் இருந்துகொண்டு பனியை நினைத்துப் பார்த்தவர்கள் செய்த வேலை இது. அந்த வகையில் நாம் சரியான இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறோம்.

ஒரே ஒரு படம்தான் பார்க்க நேரம் இருக்கிறது. எது?

தனியாக என்றால் 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்'. பத்து வயதுக் குழந்தைகளோடு என்றால் 'ஹோம் அலோன்'. அதைவிடச் சின்னக் குழந்தைகளும் தாத்தா பாட்டியும் ஒரே சோபாவில் என்றால் 1992இல் வந்த 'தி மப்பெட் கிறிஸ்துமஸ் கேரல்'. சுற்றிலும் துணிப் பொம்மைகள், நடுவில் மைக்கேல் கெய்ன். பெரிய ஷேக்ஸ்பியர் நாடகக் குழுவில் நடிப்பது போல, கண்ணை ஒருமுறைகூடச் சிமிட்டிக் காட்டாமல் நடித்திருப்பார். தவளைப் பொம்மையின் குழந்தை இறந்துபோவதற்குப் பெரியவர்கள் கண் கலங்குவதை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

அரை மணி நேரம்தான் இருக்கிறது என்றால் 1965இல் டிவியில் வந்த கார்ட்டூன் 'எ சார்லி பிரௌன் கிறிஸ்துமஸ்'. அதைப் பற்றிக் கீழே வேறொரு கேள்வியில் சொல்கிறேன்.

'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்' போட்டேன், ஒரு மணி நேரமாகியும் கிறிஸ்துமஸ் வரவே இல்லையே?

வராது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

கதை சுருக்கமாக: ஜார்ஜ் பெய்லி சின்ன ஊரில் பிறந்தவன், உலகத்தைச் சுற்ற வேண்டும் என்று ஆசை, ஒவ்வொரு முறை பெட்டியைக் கட்டும்போதும் யாருக்காவது உதவி தேவைப்பட்டு நின்றுவிடுகிறான். அப்பாவின் வீட்டுக்கடன் நிறுவனம், தம்பியின் படிப்பு, ஊர்க்காரர்களின் சேமிப்பு. கடைசியில் ஒரு கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் அப்பாவின் சகோதரருடைய மறதியால் 8,000 டாலர் காணாமல் போகிறது, ஜெயில்தான் என்ற நிலை, பாலத்துக்குப் போகிறான். அங்கே ஒரு தேவதூதன் வந்து, நீ பிறக்காமலே இருந்திருந்தால் ஊர் எப்படி இருக்கும் என்று காட்டுகிறான். அந்தக் கடைசிப் பகுதிக்காக மட்டும் பலர் இதை இனிப்பான படம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் குடும்பப் பாரம் சுமந்தே வயதாகிப்போன மனிதனைப் பற்றிய, கோபம் நிறைந்த படம். வீட்டில் மூத்த பிள்ளையாகப் பிறந்து, தம்பி தங்கைகளைக் கரையேற்றிய யாருக்கும் இதை விளக்கத் தேவையில்லை. பணத்தைத் திருடிய வில்லன் கடைசிவரை மாட்டுவதும் இல்லை.

வெளிவந்தபோது இது ஓடவில்லை, தயாரிப்பாளர்களுக்கு நஷ்டம். பிறகு நடந்ததுதான் வேடிக்கை. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி 28 வருடம் கழித்துக் காப்புரிமையைப் புதுப்பிக்க வேண்டும், 1974இல் அதைச் செய்யாமல் விட்டுவிட்டார்கள். படத்தைப் பணம் கொடுக்காமல் ஒளிபரப்பலாம் என்று தெரிந்ததும் ஊரில் உள்ள சின்ன டிவி நிலையம் எல்லாம் டிசம்பரில் இதையே போட்டன, காலையில் ஒன்று, மாலையில் இன்னொன்று. இருபது வருடம் இப்படி ஓடியது. 1990களில் மூலக்கதையின் உரிமையையும் இசையின் உரிமையையும் வைத்து மறுபடி கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தார்கள், ஆனால் அதற்குள் இரண்டு தலைமுறை இதைப் பார்த்தே வளர்ந்துவிட்டது. நம் ஊரில் தீபாவளி காலையில் பட்டிமன்றம் ஓடிக்கொண்டிருந்தால்தான் தீபாவளி என்று ஆகிவிட்டதே, அந்த மாதிரி. யாரும் உட்கார்ந்து திட்டமிடவில்லை, திரும்பத் திரும்ப வந்ததால் பண்டிகைக்கு உரியதாகிவிட்டது.

என் கட்சி இதுதான்: ஒரு படத்தையோ பாட்டையோ கிறிஸ்துமஸுக்கு உரியதாக ஆக்குவது அதன் கதை இல்லை, வருடா வருடம் அதே நாட்களில் அது வந்து நிற்பது. கீழே வரும் பல பதில்கள் இதில் இருந்தே பிறக்கின்றன.

அப்போது டை ஹார்ட்?

வந்துவிட்டீர்களா. சரி.

எதிர்க்கட்சி: படம் 1988 ஜூலையில் வந்தது. கதாநாயகன் வெறுங்காலோடு ஓடி ஓடிச் சுடும் படம். கதாநாயகன் புரூஸ் வில்லிஸே 2018இல் ஒரு மேடையில் இது கிறிஸ்துமஸ் படம் இல்லை என்று சொல்லிவிட்டார்.

ஆளுங்கட்சி: கதை நடப்பது கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு, ஆபீஸ் பார்ட்டியில். மனைவியின் பெயரே ஹாலி, கிறிஸ்துமஸ் அலங்காரத்துக்கு வைக்கும் செடியின் பெயர். கார் ஓட்டும் பையன் போடும் ராப் பாட்டு கிறிஸ்துமஸ் பாட்டு, முடிவில் வருவது 'லெட் இட் ஸ்னோ'. பிரிந்திருக்கும் கணவன் பண்டிகைக்கு வீட்டுக்கு வந்து சேர்வது என்பது இந்த வகைப் படங்களின் ஆதிக் கதை. திரைக்கதை எழுதியவர்களில் ஒருவரான ஸ்டீவன் டி சூசா இது கிறிஸ்துமஸ் படம்தான் என்கிறார்.

ஜூலையில் வந்தது என்பது வாதமே இல்லை. சாண்டா கிளாஸ் நீதிமன்றத்துக்குப் போகும் 'மிராக்கிள் ஆன் 34த் ஸ்ட்ரீட்' 1947இல் கோடையில்தான் வந்தது, கோடையில்தான் ஜனங்கள் அதிகம் தியேட்டருக்கு வருவார்கள் என்று ஸ்டூடியோ முதலாளி கணக்குப் போட்டார். அதைக் கிறிஸ்துமஸ் படம் இல்லை என்று யாரும் சொல்வதில்லை. 'கிரெம்லின்ஸ்' 1984 ஜூனில் வந்தது.

என் தீர்ப்பு: லட்சக்கணக்கான வீடுகளில் டிசம்பர் 24 இரவு அதைப் போடுகிறார்கள், எனவே அது கிறிஸ்துமஸ் படம். முதல் வருடம் இல்லாமல் இருந்திருக்கலாம், இப்போது ஆகிவிட்டது. மேல்முறையீடு ஏற்கப்படாது. ஆனால் சின்னக் குழந்தைகளை உட்கார வைத்துப் பார்க்காதீர்கள், ரத்தமும் கெட்ட வார்த்தையும் தாராளம்.

'ஹோம் அலோன்' இன்னும் சிரிக்க வைக்குமா?

வைக்கும். 1990 நவம்பரில் வந்து அமெரிக்காவில் 12 வாரம் வசூலில் முதல் இடத்தில் இருந்த படம். வீட்டில் தனியாக விடப்பட்ட சிறுவன் கெவின் பார்க்கும் அந்தப் பழைய கறுப்பு வெள்ளை ரௌடிப் படத்தை எங்கே பார்க்கலாம் என்று நிறைய பேர் கேட்கிறார்கள், அப்படி ஒரு படமே இல்லை, இந்தக் காட்சிக்காகவே எடுத்த துண்டு அது. வெளியில் தெரியும் வீடு சிகாகோ பக்கத்தில் வின்னெட்காவில் உண்மையாகவே இருக்கிறது, ஆனால் உள்ளே நடக்கும் காட்சிகளில் பெரும்பகுதியை ஒரு பழைய பள்ளிக்கூடத்தின் உடற்பயிற்சிக் கூடத்தில் செட் போட்டு எடுத்தார்கள்.

இன்றைக்குப் பார்க்கும்போது பெரியவர்களுக்குப் பிடிப்பது திருடர்களுக்கு அவன் வைக்கும் பொறிகள் இல்லை, பக்கத்து வீட்டுத் தாத்தாவும் சிறுவனும் தேவாலயத்தில் பேசும் காட்சிதான். ஜான் வில்லியம்ஸின் இசையும் அங்கே நன்றாக இருக்கும். பார்த்து முடித்ததும் பிள்ளைகள் படிக்கட்டில் பொம்மைக் கார்களைப் பரப்பி வைக்கும், காலைப் பார்த்து வையுங்கள்.

ஹால்மார்க் படங்கள் என்கிறார்களே, அது என்ன வகை?

பெருநகரத்தில் பெரிய வேலையில் இருக்கும் பெண் பண்டிகைக்குச் சின்ன ஊருக்கு வருவாள், ஊரில் ஒரு பேக்கரியோ விடுதியோ மூடப்படும் நிலையில் இருக்கும், கட்டம் போட்ட சட்டை அணிந்த நல்லவன் ஒருவன் மரம் வெட்டிக்கொண்டிருப்பான். முடிவு உங்களுக்கே தெரியும். அமெரிக்காவில் ஹால்மார்க் சேனல் 2009இல் இருந்து இதை ஒரு பெரிய வரிசையாகவே நடத்துகிறது, அக்டோபரிலேயே ஆரம்பித்துவிடும். நிறைய படங்கள் கனடாவில், பல சமயம் கோடையில், மறுபடியும் அதே பொய்ப் பனியைப் போட்டு எடுக்கப்படுபவை.

துணி மடிக்கும்போது பார்க்க ஏற்றவை. அதற்கு மேல் எதிர்பார்த்தால் அது உங்கள் தவறு.

கிறிஸ்துமஸ் பாட்டுகளை எப்போது போட ஆரம்பிக்கலாம்?

பிலிப்பைன்ஸில் செப்டம்பர் 1. விளையாட்டில்லை, அங்கே மாதப் பெயர் 'பர்' என்று முடிய ஆரம்பித்தாலே சீசன் தொடங்கிவிட்டது என்று அர்த்தம், அந்த நாட்டுப் பாடகர் ஹோசே மாரி சானின் பாட்டு கடைகளில் ஒலிக்க ஆரம்பித்துவிடும். மரியா கேரி சில வருடங்களாக நவம்பர் 1 அன்று, ஹாலோவீன் முடிந்த கையோடு, ஒரு வீடியோ போட்டு நேரமாகிவிட்டது என்று அறிவிக்கிறார். நான் டிசம்பர் 1. அதற்கு முன்னால் போட்டால் 20ஆம் தேதிக்குள் சலித்துவிடும்.

மரியா கேரி பாட்டு பழைய பாட்டுதானே, எப்படி வருடா வருடம் முதல் இடம் பிடிக்கிறது?

'ஆல் ஐ வான்ட் ஃபார் கிறிஸ்துமஸ் இஸ் யூ' 1994இல் வந்தது. அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் முதல் இடத்துக்கு வந்தது 2019 டிசம்பரில், அதாவது 25 வருடம் கழித்து. முன்பெல்லாம் கேசட்டோ சிடியோ வாங்கினால்தான் கணக்கு. ஒருமுறை வாங்கியவர் அடுத்த வருடம் திரும்ப வாங்க மாட்டார். இப்போது ஸ்ட்ரீமிங்கில் ஒவ்வொரு முறை கேட்பதும் கணக்கில் சேர்கிறது, அதனால் டிசம்பர் முழுக்க எல்லோரும் பழைய பாட்டையே கேட்கும் விஷயம் பட்டியலில் அப்பட்டமாகத் தெரிகிறது. 2023இல் இன்னும் பெரிய கூத்து: பிரெண்டா லீ 13 வயதில் பாடி 1958இல் வந்த 'ராக்கிங் அரவுண்ட் தி கிறிஸ்துமஸ் ட்ரீ' முதல் இடத்துக்கு வந்தது, அப்போது அவருக்கு வயது 78. புதிதாகக் கிறிஸ்துமஸ் பாட்டு எழுதுகிறவர்களை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது, செத்தவர்களோடும் தாத்தா பாட்டிகளோடும் போட்டி போட வேண்டியிருக்கிறது.

வாமகெடான் என்று ஒன்று விளையாடுகிறார்களாமே?

ஆமாம், செலவில்லாத நல்ல விளையாட்டு. டிசம்பர் 1 முதல் 24ஆம் தேதி முடியும்வரை ஜார்ஜ் மைக்கேலின் வாம் குழு பாடிய 'லாஸ்ட் கிறிஸ்துமஸ்' பாட்டை எங்கேயும் கேட்காமல் தப்பிக்க வேண்டும். அசல் பதிப்பு காதில் விழுந்தால் அவுட். வேறு யாராவது பாடிய பதிப்பு, ரீமிக்ஸ் எல்லாம் கணக்கில் வராது. வேண்டுமென்றே நண்பர்களுக்குப் போட்டுக் காட்டி அவுட்டாக்குவது அநாகரிகம், ஆனால் செய்வார்கள். 2023இல் இங்கிலாந்தில் நார்த்தாம்டன் கால்பந்து மைதானத்தில் டிஜே இதைப் போட்டு ஒரே நேரத்தில் ஏழாயிரத்துக்கும் அதிகமானவர்களை அவுட்டாக்கிவிட்டார், ஜனங்களுக்குச் செம கோபம். சென்னையில் மால் பக்கம் போகாதவர்களுக்கு ஜெயிப்பது சுலபம், பெங்களூரு ஐடி ஆபீஸ்காரர்களுக்குக் கஷ்டம்.

அந்தப் பாட்டின் கதையும் தெரிந்துகொள்ளுங்கள். 1984இல் பிரிட்டனில் அது முதல் இடத்துக்கு வரவில்லை. எத்தியோப்பியப் பஞ்சத்துக்கு நிதி திரட்ட பாப் கெல்டாஃபும் மிட்ஜ் யூரும் எழுதி, பாடகர்கள் பலர் கூடிப் பாடிய பேண்ட் எய்ட் பாட்டு அந்த இடத்தைப் பிடித்தது, அதிலும் ஜார்ஜ் மைக்கேல் பாடியிருக்கிறார். தன் குரலிடமே தோற்றவர். 'லாஸ்ட் கிறிஸ்துமஸ்' பாட்டின் வருமானத்தையும் அதே பஞ்ச நிவாரணத்துக்குக் கொடுத்தார்கள். அது முதல் இடத்துக்கு வந்தது 2021 ஜனவரி 1 அன்று, பிறகு 2023, 2024 இரண்டு வருடமும் கிறிஸ்துமஸ் வாரத்தின் முதல் இடம். பார்க்க ஜார்ஜ் மைக்கேல் இல்லை, 2016இல் டிசம்பர் 25 அன்றே இறந்துவிட்டார்.

கிறிஸ்துமஸ் வாரத்தின் முதல் இடத்துக்கு அப்படி என்ன மவுசு?

பிரிட்டனில் அது ஒரு தேசியப் பந்தயம். யார் வருவார்கள் என்று பணம் கட்டுவார்கள். 2009இல் ஒரு தம்பதி ஃபேஸ்புக்கில் பிரசாரம் செய்து, டிவி பாட்டுப் போட்டி வெற்றியாளரைத் தோற்கடித்து, ரேஜ் அகெய்ன்ஸ்ட் தி மெஷின் குழுவின் கெட்ட வார்த்தை நிறைந்த 1992ஆம் வருடத்துப் பாட்டை மேலே கொண்டுவந்தார்கள். 2018 முதல் 2022 வரை ஐந்து வருடம் தொடர்ந்து லாட்பேபி என்பவர் ஜெயித்தார், முதல் பாட்டு சாசேஜ் ரோலைப் பற்றி. பணம் உணவு வங்கிகளுக்குப் போனது, அதனால் திட்டவும் முடியவில்லை.

வேறு நாடுகளில் டிவியில் என்ன பார்க்கிறார்கள்?

ஸ்வீடனில் டிசம்பர் 24 மதியம் 3 மணிக்கு டொனால்ட் டக் பார்ப்பார்கள். அறுபது வருடத்துக்கும் மேலாக அதே டிஸ்னி நிகழ்ச்சி, அதே நேரம். சாப்பாட்டு நேரத்தையே அதற்கேற்ப மாற்றி வைக்கும் வீடுகள் உண்டு. போலந்தில் ஹோம் அலோன். ஜெர்மனியிலும் செக் குடியரசிலும் 1973இல் எடுத்த ஒரு சிண்ட்ரெல்லா படம், மூன்று ஹேசல்நட்டுகள் வரும் கதை. அதையே நார்வேயிலும் போடுகிறார்கள், எல்லாப் பாத்திரங்களுக்கும், சிண்ட்ரெல்லாவுக்கும் சேர்த்து, ஒரே ஆண் குரலில் டப்பிங். நல்லதாக மாற்றித் தருகிறோம் என்றாலும் நார்வேக்காரர்கள் விட மாட்டார்கள் என்று நினைக்கிறேன், அந்தக் குரல்தான் அவர்களுக்குப் பண்டிகை.

ஜப்பானில் 1974இல் ஆரம்பித்த விளம்பரத்தால் கென்டக்கி சிக்கன் வாங்க வரிசை. அது வேறு கதை.

தமிழில் எதுவும் இல்லையா?

தேவாலயப் பாட்டுகள் ஏராளம், அது தனி மரபு. சினிமாவாக என்றால், ஸ்ரீராம் ராகவனின் 'மெரி கிறிஸ்துமஸ்' இருக்கிறது, விஜய் சேதுபதியும் கத்ரீனா கைஃபும். தமிழிலும் இந்தியிலும் தனித்தனியாக எடுத்தார்கள், துணை நடிகர்கள்கூட வேறு, தமிழில் ராதிகா சரத்குமார் உண்டு. மும்பை பம்பாயாக இருந்த காலத்தில் ஒரு கிறிஸ்துமஸ் இரவில் நடக்கும் கொலைக் கதை. நிதானமாகப் போகும், கடைசிக் கால் மணி நேரத்துக்காகவே பார்க்கலாம். வேடிக்கை என்னவென்றால் வெளிவந்தது 2024 ஜனவரி 12, பொங்கலுக்கு.

மற்றபடி நம் பக்கத்துக் கிறிஸ்துமஸ் ஆங்கிலப் பாட்டு என்றால் இரண்டு பெயர்தான். ஜிம் ரீவ்ஸ், போனி எம். அமெரிக்காவில் ஜிம் ரீவ்ஸ் பெயரைச் சொன்னால் 'கன்ட்ரி' என்ற அமெரிக்கக் கிராமிய இசையின் ரசிகர்கள் தவிர யாரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள், ஆனால் சென்னையிலும் கொழும்பிலும் அந்த 1963ஆம் வருட ஆல்பம் டிசம்பரில் ஒலிக்காத பழைய கிறிஸ்தவ வீடு குறைவு. போனி எம் ஜெர்மனியில் உருவான டிஸ்கோ குழு, கரீபியப் பாடகர்கள். அவர்களுடைய 'மேரிஸ் பாய் சைல்ட்' 1978இல் பிரிட்டனில் கிறிஸ்துமஸ் முதல் இடம். நம் ஊர்ப் பேக்கரிகளில் பிளம் கேக் வாங்கப் போகும்போது பின்னால் ஓடுவது பெரும்பாலும் அதுதான்.

இந்தச் சர்க்கரைப் பாகு எனக்கு ஒத்துக்காது. வேறு ஏதாவது?

'கிரெம்லின்ஸ்' பாருங்கள், குட்டிப் பூதங்கள் ஒரு ஊரையே நாசமாக்கும். பெற்றோருக்கு ஓர் எச்சரிக்கை: அதில் ஒரு பெண் பேசும் வசனம் சாண்டா ரகசியத்தை உடைத்துவிடும், எட்டு வயதுப் பிள்ளை பக்கத்தில் இருந்தால் யோசித்துக்கொள்ளுங்கள். ஹென்றி செலிக் இயக்கிய 'தி நைட்மேர் பிஃபோர் கிறிஸ்துமஸ்' (டிம் பர்ட்டன் இயக்கியது என்று எல்லோரும் சொல்வார்கள், அவர் கதையும் தயாரிப்பும்தான்) எலும்புக்கூடு கிறிஸ்துமஸைக் கடத்தும் கதை. பாட்டில் என்றால் தி போக்ஸ் குழுவும் கிர்ஸ்டி மெக்காலும் பாடிய 'ஃபேரிடேல் ஆஃப் நியூயார்க்', 1987. குடித்துவிட்டு லாக்கப்பில் கிடக்கும் ஆளின் நினைவு, நடுவில் கணவன் மனைவி சண்டை, இருந்தும் கேட்பவர் தொண்டை அடைக்கும்.

வெளியூரில் தனியாக இருக்கிறேன். இந்தப் படங்களும் பாட்டும் சோகத்தை அதிகப்படுத்துகின்றன. விட்டுவிடலாமா?

விட வேண்டாம், சிரிப்புப் பாட்டுகளை விட்டுவிட்டுச் சோகப் பாட்டுகளுக்குப் போங்கள். இந்த வகையில் நல்லவை எல்லாம் அடியில் சோகமானவைதான். இர்விங் பெர்லினின் கைக்குழந்தை 1928இல் கிறிஸ்துமஸ் அன்று இறந்தது. அவர் எழுதிய 'ஒயிட் கிறிஸ்துமஸ்' பாட்டைப் பிங் கிராஸ்பி முதன்முதலில் வானொலியில் பாடியது 1941 டிசம்பர் 25, பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்குச் சில வாரங்கள் கழித்து. மறு வருடம் கடல் கடந்த முகாம்களில் இருந்த சிப்பாய்கள் அதைத்தான் போடச் சொல்லித் திரும்பத் திரும்ப எழுதினார்கள். வீட்டுக்குப் போக முடியாதவர்கள் பெரிதாக்கிய பாட்டு அது.

'ஹேவ் யுவர்செல்ஃப் எ மெரி லிட்டில் கிறிஸ்துமஸ்' இன்னும் கனமானது. 1944இல் ஜூடி கார்லண்ட் ஒரு படத்தில் தன் குட்டித் தங்கையிடம் பாடுவதாக வரும். முதலில் எழுதிய வரிகளில் இதுவே உன் கடைசிக் கிறிஸ்துமஸாக இருக்கலாம் என்று இருந்தது. அழுகிற குழந்தையிடம் இதைப் பாடினால் என்னை அரக்கி என்பார்கள் என்று அவர் மறுத்தார், பாட்டை எழுதிய ஹியூ மார்ட்டின் மாற்றி எழுதினார். 1957இல் பாடகர் ஃபிராங்க் சினாட்ரா இன்னும் கொஞ்சம் உற்சாகமாக வேண்டும் என்று கேட்டார், எப்படியாவது சமாளித்துக்கொண்டு போவோம் என்ற வரி போய் மரத்து உச்சியில் நட்சத்திரம் மாட்டும் வரி வந்தது. கடைகளில் ஓடுவது பெரும்பாலும் நட்சத்திரப் பதிப்பு. நீங்கள் ஜூடி கார்லண்ட் பதிப்பைத் தேடிக் கேளுங்கள்.

மேலே சொன்ன சார்லி பிரௌனும் அப்படித்தான். எல்லோரும் சந்தோஷமாக இருக்கிறார்களே, எனக்கு மட்டும் ஏன் இப்படி இருக்கிறது என்று ஒரு சிறுவன் கேட்பதில்தான் படமே ஆரம்பிக்கிறது. பின்னணிச் சிரிப்பொலி கிடையாது, நிஜக் குழந்தைகளின் தடுமாறும் குரல், வின்ஸ் குவரால்டியின் ஜாஸ் பியானோ. சேனல் நிர்வாகிகளுக்கு முதலில் பிடிக்கவே இல்லை. ஒளிபரப்பான இரவில் அமெரிக்காவில் டிவி பார்த்துக்கொண்டிருந்தவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் அதைப் பார்த்தார்கள்.

நிறைய இருக்கிறது, மூச்சு முட்டுகிறது. எப்படித் தேர்ந்தெடுப்பது?

மூன்று போதும். ஒரு படம், ஒரு பாட்டு ஆல்பம், இன்னொன்று எதுவாகவும் இருக்கலாம். அதை அடுத்த வருடமும், அதற்கடுத்த வருடமும் அதே நாளில் போடுங்கள், முதல் வருடம் சுமாராகத்தான் இருக்கும். பட்டியல் போட்டு டிசம்பர் முழுக்க முப்பது படம் பார்க்கிறவர்கள் ஜனவரியில் ஒன்றைக்கூட ஞாபகம் வைத்திருப்பதில்லை. வீட்டில் ஆளுக்கு ஒரு ரசனை என்றால் வருடத்துக்கு ஒருவர் தேர்ந்தெடுக்கட்டும், மற்றவர்கள் போனைக் கீழே வைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். அந்தப் போன் விதி இல்லாவிட்டால் மீதி எல்லாம் வீண்.

25ஆம் தேதிக்குப் பிறகு பார்க்கலாமா?

தாராளமாக. மரபுப்படி கிறிஸ்துமஸ் 12 நாள், ஜனவரி முதல் வாரம்வரை போகும். கடைக்காரர்களுக்குத்தான் 26ஆம் தேதியே முடிந்துவிடுகிறது. அரையாண்டு விடுமுறை என்பதால் பிள்ளைகளும் வீட்டில் இருப்பார்கள்.

இதெல்லாம் எந்த ஓடிடியில் கிடைக்கும்?

வருடா வருடம் மாறுகிறது, நான் இங்கே எழுதினால் அடுத்த டிசம்பருக்குள் பொய்யாகிவிடும், பெயரைப் போட்டுத் தேடிக்கொள்ளுங்கள். 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்' விஷயத்தில் மட்டும் ஒன்றைக் கவனியுங்கள்: வண்ணம் பூசிய பதிப்பு ஒன்று சுற்றுகிறது, அதைத் தொடாதீர்கள், கறுப்பு வெள்ளையில்தான் பார்க்க வேண்டும். படத்தின் நீளம் 2 மணி 10 நிமிடம், அதைவிட ரொம்பக் குறைவாகக் காட்டினால் யாரோ வெட்டியிருக்கிறார்கள், வேறு இடத்தில் தேடுங்கள்.